வழி காட்டுவதும் ஓர் அமானிதமே!

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு ஒரு மனிதர் வந்தார். அவருடைய வாகனப் பிராணி பயணத்துக்கு உதவாமல் போய்விட்டது. தமக்கு ஒரு வாகனம் தந்துதவும்படி அவர் வேண்டினார். அந்த நேரத்தில் பெருமானாரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த மற்றொருவர், இவருக்குக் கொடுக்கக்கூடிய ஓர் ஆளை நான் காட்டித் தருகிறேன் என்றார். அதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், நன்மைக்கு வழி காட்டியவருக்கும் அதைச் செய்தவருக்குக் கிடைப்பது போன்ற கூலி உண்டு என்ற கருத்தில் அருளினார்கள். அபூ மஸ்ஊத் அல்-அன்ஸாரி (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றிருக்கிறது.

சகோதரர்களே! வழி காட்டிய அந்த மனிதர் தம் கையிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டினார், அவ்வளவுதான். அதற்கே அத்தனை பெரிய நற்கூலி!

இன்று நம்மில் பலர் காலை முதல் இரவு வரை இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். கையிலிருக்கும் செல்போனில் ஒரு கட்டுரையைப் பார்க்கிறோம். அது இருக்கும் இடத்தை நாலு பேருக்கு அனுப்புகிறோம். லிங்க் அனுப்புவது என்று இதைச் சொல்கிறோம். பள்ளிவாசல் வாசலில் நின்று ஒருவருக்கு வழி சொன்னால் ஓர் ஆளுக்குத்தான் சொல்கிறோம். இங்கோ ஒரு விரல் அசைவில் ஆயிரம் பேருக்கு வழி சொல்லி விடுகிறோம். சரியான வழியாக இருந்தால் ஆயிரம் பேரின் நன்மையில் பங்கு. தவறான வழியாக இருந்தால்? அதைத்தான் இக்கட்டுரையில் நாம் சிந்திக்க வேண்டும்.

என்னால் நேர்ந்த ஒரு நஷ்டம்

பிறரைத் திருத்துவதற்கு முன்னால் என் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியை அடுத்த ஒரு கரிசல் கிராமத்தில் நான் இமாமாக இருக்கிறேன். மானாவாரி விவசாயமும் தீப்பெட்டி ஆபீஸ் வேலையுமே எங்கள் மக்களுக்குப் பிழைப்பு. மஃரிபுக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதுடன், அவர்களின் படிப்புக்குக் கிடைக்கக்கூடிய உதவிகளைப் பற்றிய இணையப் பக்கங்களையும் ஒரு தளத்தில் தொகுத்து வைத்து வந்தேன். 'கல்வி உதவி' என்ற தலைப்பில் நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகள். அதன் முகவரியை ஜமாஅத்தார் அனைவருக்கும் கொடுத்திருந்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற திருப்தி எனக்கு.

2023-ஆம் ஆண்டு ஒரு நாள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய மகள் அப்போது ஏழாம் வகுப்பு. சிறுபான்மையினருக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்க ஒரு நாள், பிள்ளை பேரில் வங்கிக் கணக்குத் தொடங்க ஒரு நாள், விண்ணப்பம் போட ஒரு நாள் என மூன்று நாள் கூலியை விட்டு அலைந்திருக்கிறார். கடைசியில், ஏழாம் வகுப்புக்கெல்லாம் இப்போது அந்தத் தொகை கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க போட்டிருந்ததப் பாத்துத்தான் போனேன் ஹஜ்ரத்து" என்றார் அந்தத் தாய். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நடந்தது இதுதான். மத்திய அரசு 2008-ல் தொடங்கிய அந்தத் திட்டம் ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியதாக இருந்தது. எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்விச் சட்டப்படி இலவசக் கல்வி கிடைக்கிறது என்று காரணம் காட்டி, இனி ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டுமே என்று 2022 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். நான் சேர்த்து வைத்திருந்ததோ பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பக்கம். சேர்த்ததோடு சரி, திரும்பிப் பார்க்கவேயில்லை. அதில் பொய் ஏதுமில்லை. ஒரு காலத்தில் அது உண்மைதான். ஆனால் வற்றிப்போன கிணற்றுக்கு வழி காட்டுவதும் தாகத்தோடு வருபவனை ஏமாற்றுவதுதான் அல்லவா?

அன்றிரவு உட்கார்ந்து 112 இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நாற்பதுக்கு மேல் செத்துப் போயிருந்தன, திறக்கவே இல்லை. இன்னும் பல, முடிந்துபோன தேதிகளைச் சுமந்துகொண்டிருந்தன. அந்தப் பட்டியலைத்தான் நன்மை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தளங்கள் எப்படித் தோன்றின?

மதரஸாவில் ஓதும் மாணவர் கிதாபில் விட்ட இடம் தெரிய நூலோ காகிதமோ வைப்பார். அதைப் போல இணையத்தில் படித்த பக்கத்துக்கு வைக்கும் அடையாளமே புக்மார்க். தனக்காக வைத்த இந்த அடையாளத்தைப் பிறரும் பார்க்கும்படி பொதுவில் வைத்தால் என்ன என்று ஒருவர் சிந்தித்தார். ஜோஷுவா ஷாக்டர் என்ற அமெரிக்கர் 2003-ல் டெலிஷியஸ் என்ற தளத்தைத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாமே குறிச்சொற்கள் இடலாம். அலமாரியில் ஒரு புத்தகத்தை ஒரே தட்டில்தான் வைக்க முடியும். இங்கோ ஜகாத் பற்றிய ஒரு கட்டுரைக்கு 'ஜகாத்', 'விவசாயம்', 'பிக்ஹு' என்று மூன்று குறிகளை இட்டால், எந்த வழியாகத் தேடி வருபவருக்கும் அது கிடைத்துவிடும். 2004-ல் வந்த டிக், 2005-ல் வந்த ரெட்டிட் ஆகியவற்றில் வாசகர்களே வாக்களித்து எது மேலே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தார்கள்.

தமிழிலும் இம்முயற்சிகள் நடந்தன. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழில் எழுதுவோரின் பக்கங்களை ஒரே இடத்தில் திரட்டித் தந்தது. பின்னர் வந்த தமிழிஷ் என்ற தளம் இன்ட்லி என்று பெயர் மாறியது. நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில், விடுமுறையில் பிரவுசிங் சென்டருக்குப் போய் இத்தளங்களைப் பார்த்ததுண்டு. முகம் தெரியாத ஒருவர் எங்கோ அமர்ந்து, படித்ததில் நல்லதைத் தேர்ந்து நமக்கு எடுத்து வைக்கிறாரே என்ற மகிழ்ச்சி அன்று இருந்தது.

அந்தத் தளங்களில் பல இன்று பழைய நிலையில் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் வாட்ஸ்அப்பிலும் மற்ற ஊடகங்களிலும் பன்மடங்காகப் பெருகியிருக்கிறது. ஆகவே அதற்குரிய ஒழுங்குகளையும் நாம் அறிந்தாக வேண்டும்.

முதல் ஒழுங்கு: படித்த பிறகே பகிர்வது

தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறவர்களே நம்மில் அதிகம். கேட்டதையெல்லாம் அப்படியே எடுத்துச் சொல்வது ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. செய்தி கொண்டு வருபவர் நம்பகமற்றவராயின், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாமலிருக்க, அதைத் தீர விசாரியுங்கள் என்று திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் ஆறாம் வசனம் கட்டளையிடுகிறது.

விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குண்டு வெடித்தது. குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறோம் என்று ரெட்டிட் தளத்தில் பலர் கிளம்பினார்கள். அப்போது காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைச் சந்தேகித்து அவர் பெயரை எங்கும் பரப்பினார்கள். அவருக்கும் அச்சம்பவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சில நாட்களில் அவருடைய உடல்தான் கிடைத்தது. மகனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பம் அந்தப் பழியையும் சுமந்தது. பின்னர் அத்தளத்தார் மன்னிப்புக் கோரினார்கள்.

தூர தேசம் போவானேன்? 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காக ஒரு கிராமத்தில் நின்றது. வயதான ஒரு பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அப்பெண்மணி உயிரிழந்தார். வழி கேட்டு நின்றவருக்கு மரணத்தைக் கொடுத்தது எது? ஊர்க்காரர்களின் கை மட்டுமா? அந்த வதந்தியைப் படிக்காமலும் விசாரிக்காமலும் தள்ளிவிட்ட ஒவ்வொரு விரலும் அல்லவா! இந்தியாவில் ஒரே செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2018 ஜூலையில் வாட்ஸ்அப் வரம்பு கட்டியதற்கு இத்தகைய கொலைகளே காரணம்.

இரண்டாம் ஒழுங்கு: வாக்கு என்பது சாட்சியம்

ஒரு கட்டுரைக்கு நாம் வாக்களிக்கிறோம். விருப்பக் குறி இடுகிறோம். அதன் பொருள் என்ன? நான் படித்தேன், இது பயனுள்ளது என்று நான் சொல்கிறேன் என்பதே. அப்படியானால் படிக்காமல் இடும் வாக்கு என்னவாகும்?

தமிழ்த் திரட்டிகளில் 'மொய்' என்றே ஒரு வழக்கம் இருந்தது. நீ எனக்கு ஒன்று போடு, நான் உனக்கு ஒன்று போடுகிறேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது வேறு, அது உதவி. மொய் என்றே நோட்டில் எழுதி வைக்கிறோம். இங்கோ நட்புக்காகப் போட்டதைத் தரத்துக்காகப் போட்டதாக வாசகருக்குக் காட்டுகிறோம். ஒரே ஆள் பல பெயர்களில் கணக்கு வைத்துத் தனக்குத் தானே வாக்களிப்பதும் நடந்தது.

எட்டயபுரத்து ஆட்டுச் சந்தைக்குச் சனிக்கிழமை போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவன் விற்பவனோடு பேசி வைத்துக்கொண்டு கிடாயின் விலையை ஏற்றிக் கேட்டால், உண்மையாக வாங்க வந்த சம்சாரி அதை நம்பி மேலே கேட்டு ஏமாந்துபோவான். இதற்கு அரபியில் 'நஜ்ஷ்' என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்திருக்கிறார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. கட்டுரைக்குப் பொய் வாக்குச் சேர்ப்பதில் பணம் கைமாறுவதில்லை. ஆகவே இரண்டும் ஒன்றே என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் ஏமாற்றின் வேர் ஒன்றுதான் என்பதை யாரும் மறுக்க முடியாது. அங்கே சம்சாரியின் பணம் போகிறது. இங்கே வாசகரின் நேரமும் நம்பிக்கையும் போகின்றன.

பெரும் பாவங்களைச் சொல்லி வந்த பெருமானார் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தை மட்டும் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று அபூபக்ரா (ரலி) அறிவிப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்வாக்கும் இப்படியே. டிக் தளத்தில் ஒரு கூட்டத்தார் தங்கள் அரசியலுக்குப் பிடிக்காத செய்திகளையெல்லாம் பேசி வைத்துப் புதைத்தார்கள் என்பது 2010-ல் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிடக் கூடாது என்பது மாயிதா அத்தியாயம் எட்டாம் வசனத்தின் போதனை. எழுதியவர் வேறு கொள்கைக்காரர், வேறு ஜமாஅத்துக்காரர் என்பதற்காக நல்ல கட்டுரையைக் கீழே தள்ளுவது இதற்கு நேர் எதிரானது.

மூன்றாம் ஒழுங்கு: உரியவர் பெயரை மறைக்காதிருப்பது

ஒருவர் உழைத்து எழுதியதை நகலெடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அந்த நகலுக்கு வழி காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதியவர் பெயரை வெட்டிவிட்டு 'படித்ததில் பிடித்தது' என்று போட்டுவிடுகிறார்கள்! ஹதீஸ் கலையையே யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்ற ஸனது மீது கட்டி எழுப்பிய சமுதாயம் நாம். ஸனதைத் தீனின் ஓர் அங்கமாகவே இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் கருதினார்கள்.

நம் பக்கத்திலேயே எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். அவர் இயற்றிய சீறாப்புராணம் நெடுங்காலம் ஏடுகளிலேயே இருந்தது. அந்த ஏடுகளைத் தேடித் திரட்டி 1842-ல் அச்சிட்டுத் தந்தவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர். இயற்றியவர் பெயர் தனியே நிற்கிறது. தேடித் தந்தவர் பெயரும் தனியே நிற்கிறது. ஒருவரால் மற்றவர் சிறுத்துப் போகவில்லை. தேடித் தருவதும் பெருமைக்குரிய பணிதான். அதற்காக இயற்றியவரின் இடத்தில் போய் உட்கார வேண்டியதில்லை.

நான்காம் ஒழுங்கு: தன்னையே காட்டிக்கொள்ளாதிருப்பது

நான் எழுதியதை நானே பகிர்வது முகஸ்துதி ஆகாதா என்று சில இளம் ஆலிம்கள் கேட்கிறார்கள். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவையே. பிறருக்குப் பயன்படும் என்று நம்பி, இது என்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லிப் பகிர்வதில் தவறில்லை. ஆனால் பொதுச் சபைக்கு வந்த ஒருவர் தன்னைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அவரை நாம் என்னவென்று நினைப்போம்? ரெட்டிட் தளத்தில், ஒருவர் பகிர்வனவற்றில் பத்தில் ஒன்றுக்கு மேல் தம்முடையதாக இருக்கலாகாது என்று நெடுங்காலம் ஒரு வழிகாட்டு நெறி இருந்தது. ஒன்பது முறை பிறருடைய நல்லதைச் சொன்ன பிறகு ஒருமுறை நம்முடையதைச் சொல்வது. மிக நியாயமான அளவு. நம் ஜமாஅத்துக் குழுக்களிலும் இதைப் பின்பற்றலாமே!

ஐந்தாம் ஒழுங்கு: உண்மையான குறி இடுவது

இட்ட குறிச்சொல்லை நம்பித்தான் பிறர் வருகிறார்கள். கூட்டம் வர வேண்டும் என்பதற்காகச் சம்பந்தமில்லாத குறிகளை இடுவது, உப்புக் கிணற்றின் மேல் 'குடிநீர்' என்று எழுதி வைப்பதற்குச் சமம். கரிசல் பூமியில் நல்ல தண்ணீருக்கு நடந்த நம் தாய்மார்களுக்கு அதன் வேதனை தெரியும். பிறருடைய மானத்தைக் கெடுக்கும் பக்கம் உண்மையாகவே இருந்தாலும், அதற்குக் குறியிட்டு ஊருக்குக் காட்டுவது நம் வேலையன்று. நமக்கு மட்டும் என்று பூட்டி வைக்கும் வசதியும் இத்தளங்களில் உண்டு. எல்லாவற்றையும் பொதுவில் வைக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆறாம் ஒழுங்கு: திரும்பிப் பார்ப்பது

இதுவே நான் தவறவிட்ட ஒழுங்கு. உலகத்தில் எதுவும் நிலைப்பதில்லை என்பதற்கு இத்தளங்களே சாட்சி. டெலிஷியஸை 2005-ல் யாஹு வாங்கியது. பிறகு அது கை மாறி மாறி, 2017-ல் பின்போர்டு என்ற போட்டித் தளத்துக்காரர் 35,000 டாலருக்கு வாங்கினார். புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி அது முடங்கியது. லட்சக்கணக்கானோர் படிக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைத்த பாக்கெட் என்ற சேவையை அதன் நிறுவனம் 2025 ஜூலையில் மூடிவிட்டது. தளமே அழியும்போது, அதிலுள்ள இணைப்புகள் என்றும் உயிரோடிருக்கும் என்று எப்படி நம்பலாம்?

ஆகவே பொதுவில் பட்டியல் வைத்திருப்பவர் சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சேர்த்த தேதியையும் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் எழுத வேண்டும். காலாவதியானதை நீக்க வேண்டும். தவறானதைப் பகிர்ந்துவிட்டால், சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போவது போதாது. எத்தனை பேருக்குத் தவறு போய்ச் சேர்ந்ததோ அத்தனை பேருக்கும் திருத்தம் போய்ச் சேர, அதே இடத்தில் அறிவிக்க வேண்டும். மனிதர்களின் உரிமை சம்பந்தப்பட்ட தவறுக்குத் தவ்பா செய்யும்போது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வதும் அதில் சேரும் என்பது நாம் அறிந்த சட்டம்தானே!

முடிவாக

நல்லதற்குப் பரிந்துரைப்பவருக்கு அந்த நன்மையில் ஒரு பங்கும், தீயதற்குப் பரிந்துரைப்பவருக்கு அந்தத் தீமையில் ஒரு பங்கும் உண்டு என்ற பொருளில் நிஸா அத்தியாயத்தின் 85-ஆம் வசனம் அமைந்திருக்கிறது. இணைப்பைத் தொடும் ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டு பங்குகளும் நம் முன்னால் இருக்கின்றன. படித்தேனா? விசாரித்தேனா? இது யாருடையது? எப்போது எழுதப்பட்டது? யாருக்கு இது உதவும்? இந்த ஐந்து கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும்.

அந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாள் கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார்; இது உங்கள் ஹக்கு அக்கா என்று வற்புறுத்திய பிறகே வாங்கிக்கொண்டார். அடுத்த ஜும்ஆவில் பயானுக்குப் பின் எழுந்து நின்று, என் பட்டியலில் இருந்த தவறுகளை ஜமாஅத்தாருக்குச் சொன்னேன். இப்போது என் பட்டியலில் இருபத்தெட்டு இணைப்புகளே இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி இருக்கிறது.

இன்றும் பிள்ளைகளின் படிப்பு விஷயமாக நான் எதையாவது சொன்னால், அந்தத் தாய் சிரித்துக்கொண்டே கேட்பார்: "தேதி பாத்துட்டீங்களா ஹஜ்ரத்து?"

ஓர் ஆலிமிடம் அப்படிக் கேட்கலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். நான் சொன்னேன்: கேட்க வேண்டும். எல்லோரும் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் நன்மைக்கு வழி காட்டுவோராக ஆக்கி, அந்த வழியைச் சரிபார்த்துக் காட்டும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.